கூடத்துக்கு ஏற்ற கோல்

ஞாயிறு ஆராதனை நடக்கும் தேவாலயங்களிலும், பள்ளிகளின் ஆண்டு விழா மேடைகளிலும், கல்யாண வரவேற்பையொட்டி நடக்கும் இன்னிசைக் கச்சேரிகளிலும் டிரம்ஸ் என்னும் மேனாட்டுத் தாள வாத்தியம் தமிழ்நாட்டில் இப்போது நிரந்தரமாக இடம்பிடித்துவிட்டது. அது வந்ததைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. நல்ல கை வாய்த்தவர் வாசித்தால் பாட்டுக்கு உடலும் ஓட்டமும் தருகிற வாத்தியமே அது. ஆனால் அதை எத்தகைய இடத்தில் வைக்கிறோம் என்பதை நாம் போதிய அளவு யோசிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். சிமெண்டுச் சுவர், வழுவழுப்பான தரை, திரைச்சீலை இல்லாத ஜன்னல்கள், தலைக்கு மேல் தகரக் கூரை அல்லது கான்கிரீட் தளம் என்றிருக்கும் ஒரு சிறு கூடத்தில், ஹிக்கரி மரத்தில் கடைந்த கனத்த கோலைக் கொண்டு ஓர் இளைஞர் உற்சாகத்தோடு ஸ்னேர் டிரம்மை அறைகிறபோது, பாடுகிறவரின் சொற்கள் கேட்பவரின் காதை எட்டுமுன் சிதைந்து போகின்றன. முன்வரிசையில் இருக்கும் முதியவர்கள் இடம் மாறி உட்காருகிறார்கள். நிகழ்ச்சி முடிந்த பிறகு பொறுப்பாளர்கள் கூடி, டிரம்ஸை என்ன செய்வது என்று விவாதிக்கத் தொடங்குகிறார்கள்.

அந்த விவாதம் பெரும்பாலும் இரண்டில் ஒரு முடிவுக்கே வந்து சேருகிறது: வாசிப்பவரைச் சுற்றி அக்ரிலிக் தடுப்பு நிறுத்துவது, அல்லது டிரம்ஸையே அகற்றிவிட்டு மின்சார ரிதம் பேடைக் கொண்டுவருவது. ரிதம் பேடை நான் குறை சொல்ல மாட்டேன். சினிமாப் பாட்டுக்குத் தபலாவும் டோலக்கும் மணியும் ஒரே பலகையிலிருந்து எழ வேண்டிய கச்சேரியில் அதற்கு ஈடில்லை. ஆயினும் தோலின்மேல் பழக வேண்டிய கை ரப்பர்மேலேயே பழகிவிட்டால், அடியின் கனத்துக்கும் நாதத்தின் நிறத்துக்கும் உள்ள நுட்பமான சம்பந்தத்தை அது ஒருபோதும் கற்றுக்கொள்வதில்லை. அக்ரிலிக் தடுப்போ இன்னும் மோசமான உபாயம். அது பணச் செலவு மிகுந்தது என்பது போகட்டும்; பாடுவோரிடமிருந்து தாளக்காரரைப் பிரித்து, அவர் எழுப்பும் ஓசையை அவர் காதுக்கே திருப்பி அனுப்புகிறது என்பதுதான் பெரிய குற்றம். எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பதே செவிக்குத் தகுந்த மேல் எல்லை என்றும், அதற்கு மேல் மூன்று டெசிபல் கூடும்தோறும் நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்றும் அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் வகுத்திருக்கிறது. அந்தக் கணக்கின்படி 100 டெசிபல் ஓசையைப் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் காது கேட்கலாகாது. பலத்த அடியில் ஸ்னேர் டிரம் அந்த 100 டெசிபலை எளிதில் எட்டும். பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகளை ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள் உட்கார வைத்து, சபையின் செவியைக் காப்பாற்றுவதற்காக அவர்களுடைய செவியைப் பலியிடுவதை எந்த நியாயத்தின்படி ஒப்புக்கொள்வது?

மூன்றாவது உபாயம் ஒன்று இருக்கிறது. வாத்தியத்தை மூடாமலும் மாற்றாமலும், வாசிப்பவர் கையிலிருக்கும் கோலை மாற்றுவது. டிரம்ஸ் வாசிப்பவர்கள் ராட்ஸ் என்று வழங்கும் ஒரு வகைக் கோல் உண்டு. ஒரே தடியாகக் கடைந்த சாதாரண ஸ்டிக்கைப் போலன்றி, மெல்லிய பல சிம்புகளைச் சேர்த்து அடிப்புறத்தில் இறுகக் கட்டிப் பிடியமைத்த கற்றை அது. அமெரிக்காவில் டெக்ஸஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் தோன்றிய ப்ரோமார்க் நிறுவனத்தாரின் ஹாட் ராட்ஸ் இவ்வகையில் உலகெங்கும் பெயர் பெற்றது. அதில் பிர்ச் மரத்தின் 19 சிம்புகள் சேர்ந்திருக்கின்றன. முழுவதும் மரமாகவே உள்ள அத்தகைய கற்றைகளும், முழுவதும் பிளாஸ்டிக் ஈர்க்குகளாகவே உள்ள கற்றைகளும் வெகுகாலமாகப் பிரயோகத்தில் இருந்துவருகின்றன. இவ்விரண்டையும் இணைத்து, மரச் சிம்புகளும் பிளாஸ்டிக் தண்டுகளும் ஒரே கற்றைக்குள் அமையும்படி செய்த கலப்பு வகையும் இப்போது கடைகளில் கிடைக்கிறது. நம்முடைய கூடங்களுக்கும், நம்முடைய தட்பவெப்பத்துக்கும், நம் இளைஞர்களின் கைப்பணத்துக்கும் இந்தக் கலப்பு வகையே பொருந்துவது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கற்றையால் தோலை அடிப்பது ஏதோ ஓசைக்கு அஞ்சியவர்கள் நேற்றுக் கண்டுபிடித்த சமாதான ஏற்பாடு என்று எண்ண வேண்டாம். துருக்கியரின் படை வாத்தியமான பெரிய முழவு, ஒரு முகத்தில் தடித்த கோலாலும் மறுமுகத்தில் மெல்லிய பிரம்பாலும் வாசிக்கப்பட்டு வந்தது. அந்த வாத்தியக் கோஷ்டியின் கவர்ச்சி பதினெட்டாம் நூற்றாண்டில் வியன்னாவை எட்டியபோது, மோட்ஸார்ட் 1782-ல் அரங்கேற்றிய தம் துருக்கியக் கதை ஓபராவில் பெரிய முழவின் தடித்த கோலுக்கும் மெல்லிய கோலுக்கும் தனித்தனியே ஸ்வரக் குறி எழுதினார். நூறாண்டு கழித்து மாஹ்லர் தம் இரண்டாம் சிம்பனியில், குச்சிகளைச் சேர்த்துக் கட்டிய கற்றையையே ஒரு தனி வாத்தியமாகக் குறிப்பிட்டிருக்கிறார். இதையெல்லாம் படிக்கிறபோது நம் பறை நினைவுக்கு வராமலிராது. இடக்கையில் நீண்டு மெலிந்த மூங்கில் சுண்டுக்குச்சியும் வலக்கையில் குட்டையான தடித்த அடிக்குச்சியும் ஏந்தி, ஒரே முகத்தில் இரு வேறு நாதங்களைப் பிறப்பிக்கும் பறைக் கலைஞர், எதைக் கொண்டு அடிக்கிறோம் என்பது எப்படி அடிக்கிறோம் என்பதற்குச் சற்றும் குறைந்த விஷயமல்ல என்பதைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர். தவில் வித்வானும் அப்படியே: ஒரு கையில் பூவரசங்கோல், மறு கை விரல்களில் கெட்டியான கூடுகள். கோலைத் தேர்ந்தெடுப்பதும் வித்தையின் ஒரு பகுதியே என்ற இந்தச் சம்பிரதாய ஞானம் நம் நாட்டு டிரம்ஸ் மாணவர்களிடம் வந்து சேராமல், ஒரே அளவு ஸ்டிக்கையே எல்லா இடத்துக்கும் எல்லாப் பாட்டுக்கும் உபயோகிக்கும் பழக்கம் வேரூன்றிவிட்டது.

கற்றையால் ஓசை ஏன் தணிகிறது என்பதை அறிந்துகொண்டால் தேர்வு எளிதாகும். சாதாரண ஸ்டிக்கின் கனமெல்லாம் ஒரு சிறு நுனியில் குவிந்து, ஒரு கணத்தின் மிகச் சிறிய பங்கில் தோலைத் தாக்கி மீளுகிறது. அத்தகைய குறுகிய, கூர்மையான தாக்குதல் உயர்ந்த அதிர்வெண்களை ஏராளமாகக் கிளப்பும். கற்றையிலோ அதே கனம் பல நுனிகளுக்குப் பங்கிடப்படுகிறது. அந்த நுனிகள் ஒன்றன்பின் ஒன்றாக, காதால் பிரித்தறிய முடியாத இடைவெளியில் தோலைத் தொடுகின்றன. சிம்புகள் வளைந்து, அடியின் வேகத்தில் ஒரு பகுதியைத் தாமே விழுங்கிவிடுகின்றன. ஆகவே ஓசையின் உடல் ஓரளவு நிற்க, அதன் முனை மழுங்குகிறது. தமிழ்ப் பாட்டுக்கு இது மிகப் பெரிய அனுகூலம். பாடலில் ஒரு சொல்லை மற்றொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டுபவை க, ச, ட, த, ப, ற என்னும் வல்லின ஒலிகள்; அவை நீடிக்காதவை, உயிரொலிகளைவிடப் பலம் குன்றியவை, உயர்ந்த அதிர்வெண்களைக் கொண்டே அடையாளம் காணப்படுபவை. ஸ்னேர் டிரம்மின் கூரிய தொடக்கம் சரியாக அந்த இடத்தில்தான் வந்து விழுந்து அவற்றை மூடிவிடுகிறது. ராகம் கேட்கிறது, குரல் கேட்கிறது, சாகித்தியம் மட்டும் புரியவில்லை என்று சபையோர் முறையிடுவதன் காரணம் பல சமயம் பாடகரின் உச்சரிப்பு அன்று, தாளக்காரரின் கோல்.

மரம் மட்டுமே இருந்தால் போதாதா, பிளாஸ்டிக் எதற்கு என்று கேட்கும் ரசிகர்கள் உண்டு. வாத்தியங்களில் செயற்கைப் பொருள் புகுவதைக் கண்டு மனம் சுளிப்பவர்களை நான் மதிக்கிறேன், ஆனால் டிரம்ஸ் விஷயத்தில் அந்தச் சுளிப்புக்குக் காலம் கடந்துவிட்டது. 1950-களின் பிற்பகுதி வரையில் இந்த வாத்தியத்துக்குக் கன்றுத் தோலே போர்த்தப்பட்டு வந்தது. மழை நாளில் அது தொய்ந்தது, வெயில் நாளில் முறுகியது. தீயில் காய்ச்சாமல் பறையை வாசிக்க இயலாத நம் கலைஞர்களின் சிரமத்தையே மேனாட்டாரும் வேறு வகையில் அனுபவித்துக்கொண்டிருந்தார்கள். சிக் எவன்ஸும் ரெமோ பெல்லியும் மைலார் என்னும் பாலியெஸ்டர் படலத்தைத் தோலுக்குப் பதிலாக்கிச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் அந்தத் தொல்லை நீங்கியது. பெல்லியின் நிறுவனம் 1957-ல் தொடங்கியது. அதற்கு மறு ஆண்டே, நயாகரா நீர்வீழ்ச்சி நகரத்தில் தச்சுத் தொழிலும் டிரம்ஸ் வாசிப்பும் இரண்டும் அறிந்த ஜோ கலாட்டோ என்பவர், மர ஸ்டிக்கின் முனை சிதைந்து சிதைந்து கோலே வீணாவதைக் கண்டு, அந்த முனைக்கு மட்டும் நைலான் தொப்பி பொருத்தினார். முனை நீண்ட நாள் உழைத்தது. அதனோடு, சிம்பலின் வெண்கலத்தின்மேல் அது பளிச்சென்று தெளிவான நாதம் தருவதும் தெரியவந்தது. மரமும் பிளாஸ்டிக்கும் ஒரே கோலில் கூடியதற்கு அதுவே பிரசித்தமான முதல் உதாரணம். இன்றைய கலப்புக் கற்றை அந்த யோசனையின் நேர்ச் சந்ததி. தோலும் பிளாஸ்டிக், முனையும் பிளாஸ்டிக் என்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் வாசித்துப் பழகிய வாத்தியத்தில், கற்றைக்குள் நாலு பிளாஸ்டிக் தண்டு சேர்வதால் சுத்தம் கெட்டுவிடாது.

முழு மரக் கற்றையின் நாதம் மனத்துக்கு உகந்தது, சந்தேகமில்லை. ஆனால் பிர்ச் சிம்புகள் மெலிந்தவை. சிம்பலின் விளிம்பிலும் டிரம்மின் இரும்பு வளையத்திலும் மோதும்தோறும் அவை செதில் செதிலாக உதிர்ந்து, சில வாரங்களில் துடைப்பத்தின் தேய்ந்த முனையைப் போல் ஆகிவிடுகின்றன. வாரந்தோறும் ஆராதனையில் வாசிக்கும் ஒரு கல்லூரி மாணவருக்கு, வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு ஜோடியை அடிக்கடி வாங்குவது இயலுகிற காரியமல்ல. கடலோர ஊர்களின் ஈரக்காற்று மரத்தை உப்பச் செய்வதும், ஏஸி அறையில் அது மறுபடி சுருங்குவதும் கட்டைத் தளர்த்துவதால், கற்றை கலகலவென்று ஒலிக்கத் தொடங்கும். முழுப் பிளாஸ்டிக் கற்றைக்கு இந்த வியாதிகள் இல்லை. ஆனால் அதன் குறை வேறு. அது அளவுக்கு மீறி வளைகிறது, மீண்டெழும் துடிப்பு அதற்குக் குறைவு. தோலில் சதக்கென்று விழுந்து கிடக்கிறது. ஸ்னேரில் அதன் ஓசை மெல்லியதாகவும் ஆழமற்றதாகவும் இருக்கிறது. வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் கிடந்தால் வடிவமும் கெடும். கலப்பில் மரம் கைக்குத் துடிப்பையும் தோலுக்குக் கனத்தையும் கொடுக்க, பிளாஸ்டிக் உதிராத விளிம்பையும் சிம்பலில் தெளிவையும் கொடுக்கிறது. அந்தத் தெளிவைப் பற்றி ஒரு வார்த்தை: மரக் கற்றையால் ரைட் சிம்பலை வாசித்தால் ஒவ்வோர் அடியும் தனித்து நில்லாமல் இரைச்சலோடு கரைந்துவிடும், காலப்பிரமாணத்தைச் சிம்பலைக் கேட்டே பிடித்துக்கொள்ளும் பாடகர்கள் இதனால் தடுமாறுவார்கள். பிளாஸ்டிக் தண்டுகளின் கலப்பு அந்தக் குறையை முழுவதும் நீக்காவிட்டாலும் பெருமளவு குறைக்கிறது.

கலப்பு முறை எல்லாவற்றிலும் ஒன்றல்ல. மரத்தை நடுவில் வைத்துப் பிளாஸ்டிக்கைச் சுற்றிலும் அமைத்தவை உண்டு. பிளாஸ்டிக்கை நடுவில் வைத்து மரத்தால் சூழ்ந்தவையும் உண்டு. வெளிச்சுற்றில் எது இருக்கிறதோ அதுவே தோலையும் சிம்பலையும் முதலில் தொடுவதால், நாதத்தின் குணமும் கோலின் ஆயுளும் அதைப் பொறுத்தே அமையும். பாட்டும் பிரசங்கமும் முதன்மையான கூடத்துக்கு மரம் வெளியே அமைந்ததையும், பலர் கைமாறி வாசிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் பிளாஸ்டிக் வெளியே அமைந்ததையும் நான் சிபாரிசு செய்வேன். சிம்புகள் தடித்தும் எண்ணிக்கையில் குறைந்தும் இருந்தால் அந்தக் கற்றை ஸ்டிக்குக்கு நெருங்கிய ஓசை தரும். மெலிந்தும் மிகுந்தும் இருந்தால் பிரஷ்ஷுக்கு நெருங்கும். கற்றையைச் சுற்றி மேலும் கீழும் நகரக்கூடிய ரப்பர் வளையம் உள்ளதா என்று அவசியம் பார்க்க வேண்டும். வளையத்தை நுனிப்புறம் தள்ளினால் கற்றை இறுகி ஓசை கூடும், பிடிப்புறம் இறக்கினால் விரிந்து தணியும், ஆகவே ஒரே ஜோடி சின்ன அறைக்கும் பெரிய மண்டபத்துக்கும் பயன்படும். பிளாஸ்டிக் நுனிகளை விரலால் தடவிப் பாருங்கள்: வெட்டிய இடத்தில் பிசிறு இருந்தால் அது டிரம் தோலின் வெள்ளைப் பூச்சைச் சுரண்டிவிடும். அடிப்புறத்தைப் பிடித்து உதறிக் கேளுங்கள்; உள்ளே ஏதேனும் ஆடும் ஓசை எழுந்தால் கட்டு சரியில்லை. ஜோடியின் இரு கோலையும் ஒரே இடத்தில் மாறி மாறித் தட்டி, நாதம் ஒத்திருக்கிறதா என்று கவனியுங்கள். நம் ஊர் வியர்வையில் வழவழத்த பிளாஸ்டிக் உறை வழுக்கும் என்பதால், பிடியில் சொரசொரப்பான உறையோ துணி நாடாவோ இருப்பது நலம். பெட்டிமேல் அச்சடித்த பெயரைவிட இந்தச் சோதனைகளே நம்பத்தக்கவை. கடைக்காரர் பிரித்துக் காட்ட மறுத்தால் வேறு கடைக்குப் போவதே விவேகம்.

கோலை மாற்றுவதோடு வேலை முடிந்துவிடுமா என்றால், இல்லை. காலால் மிதித்து அடிக்கும் பேஸ் டிரம் கையிலுள்ள கோலுக்குக் கட்டுப்படாது. அதற்குள் ஒரு போர்வையை மடித்து வைத்து, மரத் தலையுள்ள பீட்டருக்குப் பதிலாகக் கம்பளித் தலையுள்ளதைப் பொருத்த வேண்டும். இரட்டைப் படலமுள்ள கனத்த தோலைக் கற்றையால் பேச வைப்பது கஷ்டம். ஒற்றைப் படலத் தோலைச் சற்று முறுக்கிச் சுருதி கூட்டி வைத்தால் மெல்லிய அடியும் உயிரோடு கேட்கும். புதிதாகக் கற்கும் பிள்ளைகள் கையில் கற்றையைக் கொடுப்பதை நான் ஆதரிக்கவில்லை. தோலில் பட்டு எழும் கோலை விரலால் ஏந்திக்கொள்ளும் வித்தை சாதாரண ஸ்டிக்கினால்தான் கைவரும். சுமார் 16 அங்குல நீளமுள்ள, 5ஏ என்று வழங்கும் அளவு அதற்குத் தகுந்தது. சாதகம் ஸ்டிக்கில், சபை கற்றையில் என்று வகுத்துக்கொள்வதே முறை. திறந்த வெளியில், ஆயிரக்கணக்கானோர் திரளும் கச்சேரியில், கற்றைக்கு வேலையில்லை.

இதற்கு ஓர் ஆட்சேபம் சொல்லப்படுகிறது. நல்ல வாத்தியக்காரன் எந்தக் கோலிலும் அடக்கி வாசிப்பான், கோலை மாற்றச் சொல்வது பயிற்சியின்மைக்குத் திரை போடுவது என்பார்கள் மூத்த கலைஞர்கள் சிலர். அவர்கள் தம் கைவன்மையை வைத்துப் பேசுகிறார்கள். அந்தக் கை அவர்களுக்கு எத்தனை ஆண்டுச் சாதகத்தில் வந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். கனத்த ஸ்டிக்கை வேகமும் தாளமும் குன்றாமல் மெல்ல ஒலிக்கச் செய்வது, உரக்க வாசிப்பதைவிடப் பன்மடங்கு கடினம். அந்தத் திறன் வருகிற வரையில் ஓர் இளைஞரை ஒவ்வொரு வாரமும் எல்லோர் முன்னிலையிலும் “அடக்கி வாசி” என்று அதட்டிக்கொண்டிருந்தால், அவர் அஞ்சி அஞ்சி வாசித்துக் காலப்பிரமாணத்தையும் இழந்து, ஒருநாள் வாத்தியத்தையே விட்டுப் போய்விடுவார். கற்றைக் கோல் அவருடைய கையை அச்சமின்றி முழு வீச்சில் இயங்க விடுகிறது. தவிரவும், மெல்லிய கம்பிகளாலான பிரஷ் ஜாஸ் இசையில் எப்படித் தனக்கென ஒரு பாஷையை உண்டாக்கிக்கொண்டதோ, அப்படியே கற்றைக்கும் ஸ்டிக்கால் எழுப்ப முடியாத ஒரு மொரமொரப்பான நாதம் சொந்தமாக இருக்கிறது. கிட்டார் ஒன்றை மட்டும் துணைகொண்டு பாடும் மெல்லிசைக்கு அதைவிடப் பொருத்தமான தாள ஓசையை நான் கேட்டதில்லை.

இந்தக் கோல்களுக்கு நாம் அயல்நாட்டுச் சரக்கையே எதிர்பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை. பிர்ச் மரம் நம் சமவெளியில் விளைவதல்ல, ஆனால் மூங்கில் இருக்கிறது. மூங்கில் சிம்புகளால் ஆன கற்றைகளை மேனாட்டு நிறுவனங்களே செய்து விற்கின்றன. பறைக்குச் சுண்டுக்குச்சி சீவுகிற கைகளுக்கு, முற்றிய மூங்கிலைப் பிளந்து நிழலில் உலர்த்தி, கனமும் வளைவும் ஒத்த சிம்புகளைப் பொறுக்கி எடுப்பது புதிய வித்தையல்ல. அவற்றின் நடுவே நாலைந்து நைலான் தண்டுகளைச் செருகி, அடிப்புறத்தைப் பிசினால் இறுக்கி, நகரும் வளையமும் துணி நாடாப் பிடியும் சேர்த்துத் தருவது ஒரு சிறு பட்டறையின் சக்திக்கு உட்பட்ட காரியமே. தடுப்புச் சுவருக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு சிறு பங்கை இத்தகைய பட்டறைகளுக்கு முன்பணமாகக் கொடுக்கத் தேவாலயக் குழுக்களும் பள்ளி நிர்வாகிகளும் முன்வர வேண்டும். செய்து வந்த முதல் ஜோடிகளைத் தம் கூடத்திலேயே சில வாரம் வாசிக்கச் செய்து, எந்தச் சிம்பு உடைந்தது, எந்தக் கட்டு தளர்ந்தது, சிம்பலில் நாதம் போதுமா என்பவற்றை வாசித்தவர் வாயால் கேட்டு, செய்தவரிடம் தெரிவிக்கவும் வேண்டும்.